பச்சை, கட்டை, இருட்டு

அந்த வெள்ளிக்கிழமை காலை என் பூவை ஆணியில் மாட்டப்போய் இரண்டு முறை கீழே போட்டுவிட்டேன். வாட்ச்மேன் துலுக்கானம் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, பரிச்சைக்குப் போற புள்ள மாதிரி கீற" என்றார். பரீட்சைதான், சும்மா இருங்கள் என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அதே மூக்கை வைத்துத்தான் பிழைப்பும் நடக்கிறது.

பூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் கம்பெனி. சோப்புக்கும் பினாயிலுக்கும் ஊதுபத்திக்கும் வேண்டிய வாசனை எண்ணெய்களைக் கலந்து கொடுக்கிறோம். வாசனை செய்கிற இடத்துக்கு வாசனையோடு வரக்கூடாது என்பது முதலாளி ஸ்ரீகாந்த் சார் போட்ட சட்டம். பவுடர், சந்தனம், தலைக்குத் தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது. பெண்கள் தலையில் வைத்து வருகிற பூவை கேட்டிலேயே கழற்றி, துலுக்கானத்தின் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பலகையில் மாட்டிவிட வேண்டும். ஒன்பது ஆணி, ஒவ்வொன்றுக்கும் மேலே சாக்பீஸில் ஒரு பெயர். மத்தியானம் துலுக்கானம் எல்லாவற்றுக்கும் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். சாயந்திரம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். கனகாம்பரத்துக்கு மணமே கிடையாது, ஆனாலும் பீக்கர் கழுவுகிற அஞ்சலக்காவின் கனகாம்பரமும் அங்கேதான் தொங்கும். போன வருஷம் பேக்கிங்கில் ஒரு பெண் மறந்துபோய் மல்லிகையோடு லேபுக்குள் வந்துவிட்டாள். அன்றைக்கே சார் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

நான் அங்கே ஆறு வருஷமாகத் தரம் பார்க்கிறேன். இடது கையில் பழைய சரக்கில் நனைத்த அட்டை, வலது கையில் புதுச் சரக்கில் நனைத்த அட்டை. இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்துவிட்டு 'சரி' என்றோ 'இல்லை' என்றோ எழுத வேண்டும். ஆறு வருஷத்தில் நான் சொந்தமாகச் சொன்ன வார்த்தைகள் அந்த இரண்டுதான். வாசனையை உண்டாக்குகிறவர் வேறு. மாதத்துக்கு இரண்டு நாள் பம்பாயிலிருந்து வருவார், பெஞ்ச் என்று நாங்கள் சொல்லும் கலவை மேஜைமுன் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக விடுவார், போய்விடுவார். நானும் செய்து பார்க்கிறேன் சார் என்று எத்தனையோ முறை கேட்டாயிற்று. "மூக்கு இருக்கறவங்க எல்லாம் செய்ய முடியாது தேவிப்பிரியா. காது இருக்கறவங்க எல்லாம் பாடறாங்களா?" என்பார் சார். பதிலுக்கு நான் ஏதாவது சொல்வேன், அவர் முகம் சுளிப்பார், அன்றைக்கு முழுக்க பினாயில் சாம்பிளாக என் மேஜைக்கு வரும்.

அப்படி இருக்கும்போதுதான் நிர்மல் வந்தார். காட்டுப்பாக்கத்துக்காரர். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வீட்டு மாடியில் ஷெட் போட்டு சோப்புக் காய்ச்சுகிறவர். "எல்லாரும் பூ போடறாங்க, பழம் போடறாங்க. எனக்கு ரெண்டும் வேணாம் சார். பச்சையா இருக்கணும், கட்டை மாதிரி இருக்கணும், இருட்டா இருக்கணும்" என்றார். பம்பாய்க்காரர் ஆர்டரின் அளவைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்தக் கைப்பிடியளவு சோப்புக்கு நான் மெனக்கெட வேண்டுமா என்று ஒதுங்கிக்கொண்டார். சார் அதை என் பக்கம் தள்ளினார். "இதுல ஜெயிச்சா உனக்குன்னு ஒரு பெஞ்ச் போட்டுத் தரேன். தோத்தா பழைய வேலை. மறுபடி இதைப் பத்தி என்கிட்ட பேசக்கூடாது. சரியா?" என்றார். சரி என்று சொல்வதற்கு ஆறு வருஷமாகப் பழகிய வாய், அதையே சொன்னது.

நிர்மல் கேட்ட வாசனை எனக்கு முன்பே தெரியும். நான் குடியிருப்பது பட்டாபிராமில். பட்டாளத்துக்கென்று பிரிந்துபோகும் மிலிட்டரி சைடிங் தண்டவாளத்தை ஒட்டி நீளமாக அவர்கள் மதில் போகிறது. உள்ளே மரங்கள், யாரும் வெட்டாத மரங்கள். உதிர்ந்த இலை ஈரமாகக் குவிந்து கிடக்கும். மதில் ஓரமாகத் தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் ரயில் அந்தப் பக்கம் மெதுவாகப் போகும்போது ஜன்னல் வழியாக ஒரு காற்று வரும். பகல் பத்து மணிக்குக்கூட அந்தக் காற்றில் ஒரு இருட்டு இருக்கும். உள்ளே நம்மை விடமாட்டார்கள், காற்றை அவர்களால் தடுக்க முடியாது. அந்தக் காற்றைத்தான் நான் பாட்டிலுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். வெட்டிவேர் எண்ணெய், கோரைக்கிழங்கு எண்ணெய், தேவதாரு, நசுக்கிய பீன்ஸ் காய்போல மணக்கும் ஒரு பச்சைப் பிசின் என்று பதின்மூன்று பொருள்கள். முதல் முயற்சி நாட்டு மருந்துக் கடை மாதிரி இருந்தது. எட்டாவதை முகர்ந்துவிட்டு சார் "பாத்ரூம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என் கையை முகர்ந்து பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்பார். அந்த மனுஷனுக்கு கேஸ் கசிந்தாலும் நல்லாத்தான் இருக்கும்.

பதினேழாவது முயற்சி தேறி நின்றது. இரண்டு வாரம் அலமாரியில் ஊறவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமைதான் பரீட்சை. எங்கள் கம்பெனியில் எதுவும் வெளியே போவதற்கு முன் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு அட்டை நனைத்துக் கொடுப்போம். முகர்ந்துவிட்டு மனசில் என்ன தோன்றுகிறதோ அதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். வழக்கமாக எல்லாச் சீட்டிலும் 'நன்றாக உள்ளது' என்று ஒரே மாதிரி இருக்கும், சீக்கிரம் டீக்குப் போகிற அவசரம். இந்த முறை முன்னெச்சரிக்கையாக வியாழக்கிழமை மாலையே ஒரு பிஸ்கட் டப்பாவில் புது அட்டைகளை எண்ணிப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தேன். காலையில் கட்டிடம் முழுக்க சாம்பிராணி வாசம். வெள்ளிக்கிழமை பூஜை முன் ஆபீஸில் நடக்கும், லேபுக்குள் சாம்பிராணி கொண்டுவரக்கூடாது. ஆனாலும் கொஞ்சம் மிதந்து வரும். பத்து நிமிஷத்தில் மூக்குக்குப் பழகிவிடும், பிறகு தெரியாது.

அட்டைகளை நனைத்துக் கொடுத்தேன். டீ வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பேக்கிங் பார்க்கும் முகமது ஆசிக்தான் முதலில் சீட்டைத் தந்தார். 'ஆவடியில் மிலிட்டரி மதில் ஓரம் பைக்கில் போகும்போது திடீரென்று குளிருமே, அது' என்று எழுதியிருந்தார். நான் மதிலைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சீட்டைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கணக்குப் பார்க்கும் ஷோபனா, 'பயமா இருக்கு. பிடிச்சிருக்கு' என்று மட்டும் எழுதியிருந்தாள். அஞ்சலக்காவுக்கு எழுதத் தெரியாது, அவள் சொல்ல நான் எழுதினேன்.

"எங்க ஊட்டுக்காரு மரம் அறுக்குற மரவாடிலேர்ந்து வந்து சட்டையக் கயட்டி ஆணில மாட்டுவாரு பாரு. அந்தச் சட்டை."

"இப்பவும் அங்கதான் போறாரா?"

"எங்க? முதுகு புட்ச்சிகிச்சின்னு ஊட்லயே குந்திகினு கீறாரு. சட்டைல இப்ப டீ வாசனைதான் வருது" என்றாள்.

அன்று வந்திருந்த நிர்மல் கடைசியாக வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய் கண்ணை மூடினார். பிறகு தலையைத் திருப்பி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "மழை வருதா?" என்றார். பங்குனி வெயில் அப்போதே சுட்டெரித்துக்கொண்டிருந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அட்டைகள் ஐந்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, "இதேதான் மேடம். இதேதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சார் தன் அட்டையைக் குப்பையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த இருட்டு பாட்டிலில் எனக்கு இவ்வளவு தெரிந்ததில்லையே என்று ஒரு நொடி தோன்றியது. இரண்டு வாரம் ஊறியதில் இறங்கி நின்றிருக்கிறது, எல்லாம் நம் கைப்பக்குவம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். மிச்ச அட்டைகளோடு அந்த பிஸ்கட் டப்பாவை மூடி, ராசியான டப்பா என்று பீரோவில் தனியாக எடுத்து வைத்தேன். தினப்படி வேலைக்குப் புதுப் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டேன். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள். செய்தேன்.

செவ்வாய்க்கிழமை கால் லிட்டர் அனுப்பினோம். பத்து நாள் கழித்து நிர்மல் பாட்டிலையும் நான்கு சோப்புக் கட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார். மரியாதையானவர், குரலை உயர்த்தவில்லை. கவரிலிருந்த அட்டையையும் சோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், பச்சை இருக்கு. கட்டை இருக்கு. இருட்டு எங்க?"

முகர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஆறு வருஷமாக மற்றவர் சரக்குக்கு எழுதிய 'இல்லை' என்பதை இப்போது என் சரக்குக்கே எழுத வேண்டியிருந்தது. சார் என்னைப் பார்த்த பார்வையில், எடை போடும்போது ஏதோ ஒன்றை விட்டுவிட்டாய் என்று இருந்தது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். "மூணாவது வெள்ளிக்கிழமைதான் கடைசி. அதுக்கு மேல அவர் வேற இடம் பாத்துப்பார், நீயும் உன் மேஜையப் பாத்துக்கோ" என்றார் சார்.

பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கோரைக்கிழங்கைக் கூட்டினேன், சேறு மாதிரி ஆயிற்று. தேவதாருவைக் கூட்டினேன், பென்சில் சீவின மாதிரி ஆயிற்று. இருட்டு மட்டும் வரவில்லை. பழைய பதினேழு இன்னும் ஊறினால் சரியாகிவிடுமோ என்று தினமும் அலமாரியைத் திறந்து பார்த்தேன், அது அப்படியே வெளிச்சமாக உட்கார்ந்திருந்தது. ரயிலில் போகும்போது மதில் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்பது நாள் இருந்த புதன்கிழமை, புதுப் பாக்கெட் அட்டை தீர்ந்துவிட்டது. ஸ்டோருக்குப் போக எரிச்சல்பட்டு பீரோவிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் சொட்டுக் குழாய். நனைக்காத வெறும் அட்டையை உதட்டில் கவ்விக்கொண்டேன். அட்டை என் மூக்குக்குக் கீழே இருந்தது. இருட்டு வந்தது.

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அட்டையை எடுத்து முகர்ந்தேன். டப்பாவுக்குள் மூக்கை விட்டேன். இன்னொரு அட்டை, இன்னொரு அட்டை. எதிலும் என் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டதில்லை. எல்லாவற்றிலும் அதே புகை, மூடிய டப்பாவுக்குள் அடைந்து, தாளுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை பூஜைக்குப் புகை போடுவது அஞ்சலக்கா. நேராகக் கழுவுகிற அறைக்குப் போனேன்.

"அஞ்சலக்கா, என் டப்பாவுக்கு சாம்பிராணி காட்டினீங்களா?"

அவள் பீக்கரைக் கவிழ்த்து வைத்துவிட்டு சாவகாசமாகத் திரும்பினாள். "ஆமா பாப்பா. நீ ஒரு மாசமா சோறு துன்னாம மூஞ்சி சுண்டிகினு கீற. அத்தினி பேரு கண்ணும் அது மேல படப் போவுதேன்னு, டப்பாவ வெளிய எட்டாந்து ஒரு சுத்து சுத்தி, புகையக் காட்டி மூடி வச்சேன். லேபுக்குள்ள ஒரு பொட்டுப் புகை உடல. சட்டம் எனுக்குத் தெரியும்."

"என் பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே."

"இன்னா பாப்பா சொல்ற? பாசாச்சுன்னுதான சொன்னாங்க?"

"பாசானது என்னோடது இல்ல. உங்க புகை. போதுமா?" என்றேன். இன்னும் ஏதேதோ சொன்னேன். யார் உங்களைக் கேட்டார்கள் என்றேன், கழுவுகிற வேலையை மட்டும் பாருங்கள் என்றேன். அவள் முகம் சின்னதாகிவிட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள், துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு நிஜமாக எரிந்தது அவள் டப்பாவைத் தொட்டதற்காக இல்லை. அத்தனை பேரை டீ மறந்து உட்காரவைத்ததும், ஒருவரை வானத்தைப் பார்க்கவைத்ததும் நான் செய்த பதின்மூன்று பொருள் இல்லை என்பதற்காக. பொறாமை. பீக்கர் கழுவுகிற ஒரு பெண்பிள்ளை மேல் எனக்குப் பொறாமை. வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. ஆணியில் நேற்றைய கனகாம்பரம் வாடிப்போய்த் தொங்கியது.

"இன்னா சொன்ன நீ அதுங்கிட்ட?" என்றார் துலுக்கானம். "நேத்து பூவக்கூட எடுக்காம பூட்ச்சி. பாஞ்சு வருசத்துல அது பூவ எடுக்காமப் போய் நான் பாக்கல."

அன்று வேலை ஓடவில்லை. நான்கு மணிக்கே அனுமதி கேட்டுக்கொண்டு, ஆணியிலிருந்த பூவை ஒரு தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாடின பூவை எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வெறும் ஆணியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பூந்தமல்லிக்கு முன்னால் சென்னீர்குப்பத்தில் இறங்கி, ஹைவேயை விட்டு உள்ளே போகிற சந்தில் கேட்டுக்கேட்டுப் போனேன். தகரக் கூரை, வாசலில் ஒரு நொச்சிச் செடி. அவள் கணவர் அழகேசன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"கணக்கு முட்ச்சிட்டாங்களா பாப்பா?"

மல்லிகைக்காரப் பெண்ணை அனுப்பியது அவளுக்கும் தெரியுமே. ராத்திரி பூராவும் இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சார்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நான் பேசினது தப்பு அக்கா. வாய் நீளம் எனக்கு, உங்களுக்குத் தெரியாததா" என்று பூப்பொட்டலத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்தவள், "இத்தப் போயி யாராச்சும் பஸ்ஸுல எட்டாருவாங்களா" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

"அந்தப் புகையில என்ன போடுவீங்க?"

"சாம்பிராணிதான்."

"வெறும் சாம்பிராணி எனக்குத் தெரியும். அது தித்திப்பா இருக்கும். இதுல வேற இருக்கு."

அவள் கணவரைப் பார்த்தாள். "தேங்கா ஓட்டு நெருப்பு. கொசுவுக்குன்னு ரெண்டு நொச்சி எலை. அப்பால கொஞ்சம் ரம்பத் தூளு. இவரு வேல செஞ்ச மரவாடில இன்னமும் சும்மா அள்ளிக்கினு போவச் சொல்றாங்க."

"ஈரத் தூளு" என்றார் அழகேசன், டீ டம்ளரைக் கீழே வைக்காமலே. "காஞ்சதப் போட்டா பக்குனு எரிஞ்சு பூடும். ஈரமா இருந்தாத்தான் உள்ளுக்குள்ளயே வேகும்."

பரீட்சையன்று அஞ்சலக்கா சொல்லி நான் எழுதிய சீட்டு ஞாபகம் வந்தது. ஆணியில் மாட்டிய மரவாடிச் சட்டை. அவள் தன் புகையைத்தான் முகர்ந்திருக்கிறாள், அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூரை இடுக்கில் கட்டித் தொங்கவிட்டிருந்த பையிலிருந்து ஒரு பிடி தூளை எடுத்து என் கையில் வைத்தாள். ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். பட்டாபிராம் மதில் ஓரத்து ஸ்லீப்பர் கட்டைகள் நினைவுக்கு வந்தன. அந்த மதிலுக்குள் எங்கேயோ யாரோ ஒரு தோட்டக்காரர் ஈரச் சருகைக் குவித்துக் கொளுத்தி விட்டிருக்க வேண்டும். காற்றிலிருந்த இருட்டு அதுதான். நான் மரத்தை எடுத்தேன், இலையை எடுத்தேன், வேரை எடுத்தேன். புகையை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அரை நாளுக்குப் பிறகு எல்லோரும் போனதும் நானும் அஞ்சலக்காவும் கம்பெனியின் பின்பக்கம் உட்கார்ந்தோம். புகையை எப்படி எண்ணெய்க்குள் ஏற்றுவது என்று எந்தப் புத்தகத்தைப் புரட்ட? ஒரு அண்டாவுக்குள் அவள் நெருப்புச் சட்டியை வைத்தாள், பக்கத்தில் நான் அகலமான தட்டில் வெட்டிவேர் எண்ணெயை ஊற்றி வைத்தேன். மேலே ஈரத் துணியைக் கட்டினோம். முதல் தடவை பத்து நிமிஷத்தில் திறந்தேன், ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் தடவை பேச்சு மும்முரத்தில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டோம், கருகின பால் மாதிரி ஆகிவிட்டது. "அவசரமும் படாத, பேசிகினும் குந்தாத" என்று அவள் என்னை அதட்டினாள். மூன்றாம் தடவை அவள் சொன்ன நேரத்தில் திறந்தேன். தட்டின்மேல் குனிந்தேன், நிமிர்ந்தேன், மறுபடியும் குனிந்தேன். தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் முகர்ந்துவிட்டு, "சட்டை" என்றாள்.

திங்கட்கிழமை இருபத்தொன்றாவதை எடை போட்டு முடித்து, பட்டியலை எழுதி சார் மேஜையில் வைத்தேன். ஒவ்வொரு வரியிலும் பொருள், எடை, வாங்கிய இடம் எழுத வேண்டும். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பதினாலாவது வரியில் விரல் நின்றது.

"புகையேற்றிய வெட்டிவேர் எண்ணெய். அஞ்சலை, சென்னீர்குப்பம். யாரு இது, புது ஆளா?"

"நம்ம அஞ்சலக்காதான் சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். வேறு பெயர் எழுதியிருக்கலாம், வெறும் 'புகை' என்று எழுதி மழுப்பியிருக்கலாம். ரயிலில் வரும்போது அதையும் யோசித்துப் பார்த்தேன்தான், மறைப்பானேன். மனசு ஒப்பவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பூ வச்சுக்கிட்டு வந்ததுக்கு நான் ஒரு பொண்ணை அனுப்பினேன். டப்பாவுக்கே புகை போட்டவங்களை என்ன பண்றது, நீயே சொல்லு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க சார். நிர்மல் சார் இல்லேன்னு சொன்னா நாங்க ரெண்டு பேரும் சேந்தே போறோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. பட்டாபிராம் வீட்டு வாடகை, வீட்டுக்காரரின் முகம் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின. வாயை அடக்கத் தெரிந்தவளாக இருந்தால் நான் ஏன் இங்கே நிற்கிறேன். சார் பட்டியலைத் திரும்பவும் கையில் எடுத்தார். பிறகு, "அவர் வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சித்திரை வெயிலில் எஸ்டேட் ரோட்டுத் தார் இளகிக் கிடந்தது. துலுக்கானம் ஒன்பது பூவுக்கும் காலையிலேயே தண்ணீர் தெளித்துவிட்டார், மத்தியானம் வரை தாங்காது என்றார். அஞ்சலக்கா புதுக் கனகாம்பரத்தை ஆணியில் மாட்டிவிட்டு என்னோடு நடந்து வந்தாள். அன்று பூஜைப் புகை வேண்டாம் என்று சாரே சொல்லியிருந்தார். நான் ஸ்டோரிலிருந்து பிரிக்காத பாக்கெட்டை வாங்கிவந்து, எல்லோர் முன்னாலும் கிழித்து, வெறும் அட்டையை முதலில் சார் கையில் கொடுத்தேன். அவர் முகர்ந்தார். தலையசைத்தார். தாள் வாசனைதான்.

நிர்மல் பதினொரு மணிக்கு வந்தார். முன்பு போலப் பேச்சுக் கொடுக்கவில்லை, இரண்டாவது முறையும் ஏமாறக்கூடாது என்ற ஜாக்கிரதை முகத்தில் தெரிந்தது. அஞ்சலக்கா லேப் படிக்கு வெளியே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உள்ள வாங்க" என்றார் சார், அவளைப் பார்க்காமலே. அவள் செருப்பை விட்டுவிட்டுப் படியேறி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் தரையில் சொட்டியது.

நான் அட்டையை நனைத்து, இரண்டு முறை ஆட்டி, நீட்டினேன். நிர்மல் வாங்கிக்கொண்டார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். பக்கத்து லேத் பட்டறையில் ஏதோ இரும்பைக் கடைந்துகொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. அஞ்சலக்கா என் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் வெயில் வெள்ளையாக எரிந்தது, ஒரு காக்கைகூட இல்லை. நிர்மல் கண்ணைத் திறந்தார். அட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே மெல்லத் தலையைத் திருப்பி, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.